பெரியாறு கிழக்கே திரும்பிய வரலாறு



புதுவை நகரின் பாரதி பூங்காவிற்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். அதன் நடுவே வெண்ணிறமாக எழுந்து நிற்கும் ஆயி மண்டபத்தையும் பார்த்திருப்பீர்கள். அம்மண்டபம் எதன் பொருட்டு எழுப்பப்பட்டது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நகரத்தார்க்கு நல்ல குடிநீர் கிடைத்ததன் நினைவாக எழுந்த மண்டபம் அது. பிரான்சு நாட்டில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி செலுத்திய காலத்தில், லமரேஸ் என்னும் எஞ்சினீயர், நான் வாழும் மூலக்குளத்திற்கு அண்மையில் உள்ள முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முற்காலத்தில் ஆயி என்னும் கணிகை, தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் ஊரார்க்குக் குளம் வெட்டுவித்தாள் என்பது செவிவழிச் செய்தி. மண்டபம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முத்திரையர்பாளையத்திற்கும் நகருக்கும் இடையே உள்ள தொலைவு சில மைல்களே. அச்சிறு பணிக்கே நிலத்தின் சரிவை அளந்தவர், வாய்க்கால் வெட்டியவர், கல் சுமந்தவர் என்று எத்தனையோ பேர் வேண்டியிருந்திருப்பர். அவ்வாறாயின், மேற்குக் கடலை நோக்கி ஓடிய ஓர் ஆற்றை மலைமேல் தடுத்து நிறுத்தி, மலையைக் குடைந்து, கிழக்கே மதுரைச் சீமைக்குத் திருப்பிவிட்ட பணிக்கு எத்தகைய ஏற்பாடுகள் வேண்டியிருந்திருக்கும்! முல்லைப் பெரியாற்று அணையின் வரலாற்றை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதனைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் இவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வது வழக்கம். “அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது. பென்னிகுயிக் என்னும் எஞ்சினீயர் இங்கிலாந்து சென்று, தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார்” என்று உருக்கமாகச் சொல்வேன். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “ஐயா, இது எந்த நூலில் இருக்கிறது?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. “பிறகு சொல்கிறேன்” என்று சொல்லி அமரவைத்தேன். அவள் கேட்டது இடக்கான கேள்வியன்று. வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி அது. அதற்குரிய விடையை இப்பேச்சின் முடிவில் கூறுகிறேன். முதலில் அணை எழுந்த கதையைப் பார்ப்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நெடிய சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஏந்தி வரும் கருமேகங்கள் அச்சுவரில் மோதி, தம்மிடமுள்ள மழையில் பெரும்பகுதியை மேற்கிலேயே பொழிந்துவிடுகின்றன. அம்மழையால் பெருகும் பெரியாறு, காடுகளினூடே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. சுவரின் கிழக்கே வையை ஓடுகிறது. பாடல் பெற்ற பழம்பெரும் ஆறு அது; ஆயினும் ஆண்டின் பல மாதங்களில் மணல் மட்டுமே தெரியும் ஆறு. பின்கட்டில் தண்ணீர் வீணே வழிந்தோட, முன்கட்டில் குடம் காய்ந்து கிடக்கும் வீட்டைப் போன்றது இந்நிலை.

பின்கட்டுத் தண்ணீரை முன்கட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரர்க்குத்தான் முதலில் தோன்றியது என்று நினைத்துவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைக்கு ஆட்களை அனுப்பி இதற்கு வழி உண்டா என்று ஆராயச் செய்தார். வழி உண்டு என்று அவர்கள் வந்து கூறினர். ஆனால் அதற்குரிய பொருள் சமஸ்தானத்தில் இல்லை. 1808ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் ஆங்கிலப் படைத்துறை எஞ்சினீயர் அவ்விடத்தைப் பார்வையிட்டு, இது வெறுங்கனவு என்று தள்ளிவிட்டார். 1850ஆம் ஆண்டில் சிறிய அளவில் ஓர் அணை கட்டத் தொடங்கினர். காய்ச்சல் பரவியது, ஆட்கள் மிகுந்த கூலி கேட்டனர், வேலை கைவிடப்பட்டது. 1860களில் ரைவ்ஸ் என்பவர் மண்ணால் அணை கட்டும் திட்டம் ஒன்றைத் தீட்டினார். அதுவும் ஏட்டளவில் நின்றது.

இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். கருத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆற்றைத் திருப்பலாம் என்பது எழுபது எண்பது ஆண்டுகளாகப் பலருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும் அது நடைபெறவில்லை. ஒரு பெரும்பணியில் கருத்து என்பது விதை நெல்லைப் போன்றது. உழவும், நீரும், காவலும், ஆளும் இல்லாமல் விதை நெல் மட்டும் களஞ்சியத்தை நிரப்பிவிடாது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம் நிலைமையை மாற்றிற்று. மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். பாசனப் பணிகளுக்குச் செலவிடுவதைத் தள்ளிப்போடுவது எத்துணைக் கொடிது என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1882ஆம் ஆண்டில் பெரியாற்றுத் திட்டத்தைப் புதிதாக வகுக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் அளிக்கப்பட்டது. அவர் 1841ஆம் ஆண்டில் புனேயில் பிறந்தவர், படைத்துறை எஞ்சினீயர். மண் அணையை விடுத்துக் கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் அணை எழுப்புவது அவருடைய திட்டம். 1884ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

ஒப்புதல் கிடைத்த உடனே கடப்பாரையைத் தூக்கிவிட முடிந்ததா? இல்லை. அணை எழவேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நெடுநாள் பேச்சு நடந்து, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் குத்தகை என்பன அதன் முக்கியமான விதிகள். மறு ஆண்டு, அதாவது 1887இல், வேலை தொடங்கியது.

அணையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லையாறு பெரியாற்றோடு கூடும் இடத்திற்குக் கீழே, இரு குன்றுகளுக்கு இடையில், 1,200 அடி நீளமும் ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரமும் கொண்ட சுவர் ஒன்று எழவேண்டும். அச்சுவர் தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. அதனால் அடியில் ஏறத்தாழ 140 அடி அகலமும், உச்சியில் 12 அடி அகலமும் அதற்கு வகுக்கப்பட்டன. முன்புறமும் பின்புறமும் கருங்கல் கட்டு. நடுவயிற்றில் சுண்ணாம்பும், செங்கல்லை இடித்த தூளாகிய சுர்க்கியும், கல் சல்லியும் சேர்ந்த கலவை. சுவர் எழுந்தால் நீர் பின்னோக்கித் தேங்கி, தேக்கடிப் பக்கத்து மலை இடுக்குகளில் ஏரியாகப் பரவும். நீர்மட்டம் நூறு அடிக்கு மேல் உயரும்பொழுது, மலையினுள் ஒரு மைலுக்குச் சற்று மிகுதியாக வெட்டிய சுரங்கத்தின் வழியே அது கிழக்கே பாயும். அங்கிருந்து வைரவனாறு, சுருளியாறு வழியாக வையையை அடையும். பேரணையில் அதனை மறித்துக் கால்வாயில் திருப்பி, மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வயல்களுக்கு அளிப்பர். எனவே மலைமேல் அணை, மலையினுள் சுரங்கம், சமவெளியில் கால்வாய் ஆகிய மூன்றும் ஒருங்கே உருவாகவேண்டும். மூன்றில் ஒன்று பின்தங்கினும் மற்ற இரண்டும் பயன்படா.

காகிதத்தில் இவ்வளவுதான். இனித்தான் உண்மையான தொல்லைகள் தொடங்குகின்றன.

முதல் தொல்லை வழி. அணை கட்டும் இடம் அடர்ந்த காடு. யானையும் புலியும் உலவும் இடம். அங்கே ஊரில்லை, கடையில்லை, சாலையில்லை. அந்நாளில் அண்மையில் இருந்த புகைவண்டி நிலையம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக நாள்கணக்கில் மாட்டுவண்டியில் வரவேண்டும். பின்னர் மலை ஏறவேண்டும். சுண்ணாம்புக்கல் சமவெளியில் குருவனூற்றுப் பகுதியில் கிடைத்தது. அணையின் வயிற்றை நிரப்பும் அளவுக்குச் சுண்ணாம்பைத் தலைச்சுமையாகக் கொண்டுசெல்வதென்றால் ஒரு தலைமுறை போதாது. ஆகவே மலையடிவாரத்திலிருந்து தேக்கடி வரைக்கும் கம்பி வடம் ஒன்றை அமைத்து, பொருள்களை அதில் தொங்கவிட்டு மேலேற்றினர். அதனை இழுக்க நீர்விசையால் சுழலும் பொறியைப் பயன்படுத்தினர். தேக்கடியிலிருந்து அணை வரைக்கும் ஆற்றையே படகு செல்லும் வழியாகத் திருத்திக்கொண்டனர். தடையாக இருந்த காட்டாற்றையே ஊழியம் செய்யவைத்தனர் என்று கூறலாம்.

அணையின் முதற்கல்லை வைப்பதற்கு முன்னர் இவ்வளவும் நடைபெற வேண்டியிருந்தது. பார்ப்போர், “இன்னும் சுவர் எழவில்லையே” என்றுதான் சொல்வர். பெரும்பணியை நடத்துபவர் அச்சொல்லைப் பொறுத்துக்கொள்ளக் கற்கவேண்டும். வீட்டில் திருமணம் நடத்துபவர் பந்தற்காலுக்கு முன்பே அரிசியையும் விறகையும் கணக்கிடுவது போன்றது இது.

இரண்டாம் தொல்லை காலம். சுவரின் அடித்தளத்தை ஆற்றின் நடுவே பாறைமேல் இடவேண்டும். அதற்கு ஆற்றை ஒதுக்கித் தரையைக் காயவைக்கவேண்டும். தற்காலிகமான சிறு அணைகளைக் கட்டி நீரை ஒதுக்கினர். மழை பெய்தால் சில மணி நேரத்தில் வெள்ளம் வரும். மாதக்கணக்கில் கட்டியதை ஒரே இரவில் அடித்துச் செல்லும். ஒருமுறையன்று, பன்முறை இவ்வாறு நேர்ந்தது. சென்னைப் பயனியர் படையின் வீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும் அவற்றை மீண்டும் மீண்டும் கட்டினர். ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும், எது நின்றது, எது போயிற்று, ஏன் போயிற்று என்று ஆராய்ந்து, அடுத்த ஏற்பாட்டை மாற்றிக்கொண்டே முன்னேறினர். தோல்வியைத் தலைவிதி என்று கொள்ளாமல் பாடமாகக் கொண்டதே அவர்களுடைய திறமை.

மூன்றாம் தொல்லையைச் சொல்லும்போது குரல் தாழவேண்டும். அது உயிர். அக்காட்டில் மலேரியாக் காய்ச்சல் குடிகொண்டிருந்தது. காலராவும் வந்தது. ஆண்டின் சில மாதங்களில் காய்ச்சலுக்கு அஞ்சி ஆட்கள் மலையை விட்டு இறங்கிவிடுவர். மீண்டும் ஆள் சேர்க்கவேண்டும். பழகிய கை போய்ப் பழகாத கை வரும். அணை கட்டப்பட்ட காலத்தில் நோயால் இறந்தோர் 483 பேர் என்பது பதிவு. அணைக்கு அருகே அவர்களை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை.

இதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நடைபெற்ற மற்றொரு பணியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதுவையில் வாழும் நாம் அறியவேண்டிய செய்தி அது. பெர்டினாந்து தெ லெசெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், 1859இல் தொடங்கி 1869இல் சூயஸ் கால்வாயை வெட்டி முடித்து உலகப் புகழ் பெற்றார். அவர் எஞ்சினீயர் அல்லர். அரசாங்கத் தூதராக இருந்தவர். அப்புகழோடு 1881ஆம் ஆண்டில் பனாமாவில் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அப்பணி பெரியாற்றுப் பணியைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது என்பதை மறக்கலாகாது. ஆயினும் அது தவறிய இடங்கள் கற்கத்தக்கவை. சூயஸ், மணற்பாங்கான சமநிலம். பனாமாவோ மலையும் பெருமழையும் உள்ள நாடு. சூயஸில் செய்தது போலவே இங்கும் கடல் மட்டத்திற்கே வெட்டுவேன் என்று லெசெப்ஸ் பிடிவாதமாக இருந்தார். வெட்ட வெட்ட மண் சரிந்தது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆட்களைக் கொண்டுபோயின. மருத்துவமனையில் எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற்கால்களின் கீழே தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தனர். நம் வீடுகளில் பலகாரப் பேழைக்கு வைப்பதில்லையா, அதுபோல. அக்கிண்ணங்களிலேயே கொசுக்கள் பெருகி, நோயாளிகளை மேலும் வாட்டின. பூட்டுமதகுகள் வைத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் முறைக்கு லெசெப்ஸ் இணங்கியபோது காலம் கடந்துவிட்டது. 1889இல் கம்பெனி முறிந்தது. பிரான்சு நாட்டு எளிய குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு அதனோடு போயிற்று. இறந்தோர் தொகையை 20,000க்கு மேல் என மதிப்பிடுவர்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்குரிய சான்றை ரொனால்டு ராஸ், நம் நாட்டுச் செகந்தராபாத்தில் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கண்டார். பெரியாற்று அணை முடிந்து இரண்டாண்டுகள் சென்ற பின் நிகழ்ந்தது இது. பின்னர் வந்த அமெரிக்கர், முதலில் கொசுவை ஒழித்து, பூட்டுமதகுகளையும் அமைத்து, 1914இல் பனாமாக் கால்வாயைத் திறந்தனர். பெரியாற்றிலும் பனாமாவிலும் முதலில் பணி செய்தவர்கள், நோய் எங்கிருந்து வருகிறது என்று அறியாமலே அதனோடு போராடினர். இதனை நினைக்கும்போது அந்த 483 உயிர்களின் விலை நமக்குப் புலனாகிறது. இன்று எந்தப் பெரும்பணியிலும் தொழிலாளர் நலத்தை முதற்கணக்கில் வைக்காதவருக்கு, அறியாமை என்னும் சாக்கு இல்லை.

1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு பெரியாற்று நீரைத் திறந்துவைத்தார். மொத்தச் செலவு 80 லட்ச ரூபாய்க்கு மேல். மேற்கே ஓடிய நீர் கிழக்கே பாய்ந்தது. வானத்தை நம்பியிருந்த கரம்புகள் நெல்வயல்களாயின. பென்னிகுயிக் பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னும் இடத்தில் இருந்த எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவராகி, 1911ஆம் ஆண்டில் காலமானார். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகின்றனர். பொங்கல் நாளில் அவர் படத்திற்கு மாலை இடுகின்றனர். கீழ் முகாமில் 2013ஆம் ஆண்டில் அவருக்கு நினைவு மண்டபமும் எழுந்தது.

திறப்பு விழாவோடு ஒரு பெரும்பணி முடிந்துவிடுவதில்லை. அணையின் பாதுகாப்பைப் பற்றி எழுந்த ஐயங்களால் 1979ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் வேலைகள் நடந்தன. தமிழகமும் கேரளமும் நெடுநாள் வழக்காடின. 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கல்லும் காரையும் கொண்டு கட்டிய சுவரைக் கண்காணிப்பாலும், அண்டை அயலாரின் நம்பிக்கையாலும் நாள்தோறும் காத்து வரவேண்டியிருக்கிறது. கட்டுவதற்கு எட்டாண்டுகள் ஆயின. காப்பதற்கு எல்லை இல்லை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். சொத்தை விற்ற கதை எந்த நூலில் இருக்கிறது? பெரியாற்றுப் பணியில் எஞ்சினீயராக இருந்த மெக்கன்ஸி என்பவர், அப்பணியின் வரலாற்றை விரிவாக எழுதினார். 1899ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. வழி அமைத்தது, வெள்ளம் அடித்தது, காய்ச்சல் வந்தது, செலவு ஆனது எல்லாம் அக்கால ஆவணங்களில் பதிவாகியுள்ளன. அணை அரசாங்கத்தின் செலவில், அரசாங்கத்தின் கணக்கில் எழுந்தது. பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றார் என்பதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. நான் சொன்னது ஊரார் அன்பினால் வளர்ந்த கதை. வரலாறு என்று அதனை வகுப்பில் சொன்னது என் பிழை. நூல்களைத் தேடிப் படித்து இதனை உணர்ந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதற்குள் அந்த மாணவி படிப்பை முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். அவளுக்குத் தரவேண்டிய விடையை இன்று வானொலி வழியாகத் தருகிறேன். எங்கிருந்தேனும் அவள் கேட்டுக்கொண்டிருந்தால், ஆசிரியரின் மன்னிப்பையும் இதனோடு பெற்றுக்கொள்வாளாக.

இக்கதையைக் கைவிடுவதால் பென்னிகுயிக்கின் பெருமை குறைந்துவிடுமா? என் கருத்தில் அது மிகுகிறது. சொத்தை விற்பது ஒருநாள் தியாகம். எட்டு ஆண்டுகள் காட்டில் இருந்து, வெள்ளம் கொண்டுபோனதை மீண்டும் கட்டி, வண்டிக்கும் வடத்திற்கும் படகுக்கும் கணக்கு வைத்து, ஆள் குறைந்தபோது ஆள் சேர்த்து, மூன்று வேலைகளை ஒன்றாக நடத்துவது அதனினும் அரிய செயல். அக்கதைக்கு மற்றொரு குறையும் உண்டு. அது பணி முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றிவிடுகிறது. வழி தேடி மலை ஏறிய இராமநாதபுரத்து ஆட்களும், தச்சர்களும், பயனியர் வீரர்களும், கல் உடைத்த கூலியாட்களும், காட்டில் அடக்கமான 483 பேரும் அக்கதையில் மறைந்துபோகின்றனர்.

மாணவர்களே! உங்களில் சிலர் நாளை பாலம் கட்டலாம். சிலர் இருப்புப் பாதை அமைக்கலாம். சிலர் ஏரியைத் தூர் வாரும் ஊர்ப் பணியை நடத்தலாம். பணி பெரிதாயினும் சிறிதாயினும், சுவரை எழுப்புமுன் வழியை எண்ணுங்கள். பருவத்தை அறிந்து வேலையைப் பகிருங்கள். உழைப்பவர் உயிரைக் காப்பதை முதல் வேலையாகக் கொள்ளுங்கள். நடந்ததை நடந்தவாறே எழுதிவையுங்கள். தோல்வியையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்வருவோர் அதைக் கொண்டுதான் மேலும் கட்டுவர்.

அடுத்த முறை பாரதி பூங்காவிற்குச் செல்லும்போது, ஆயி மண்டபத்தின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து அந்நீர் வந்த வழியில் வெயிலில் மண் வெட்டிய கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஒருவர் பெயரைத்தான் தாங்கும். நீர் பலர் கையால் வருவது.